சுவர் வெடித்தது நிலநடுக்கத்தாலா, வறட்சியாலா?

கேள்வி: "விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டு ஊர். வெயில் ஏற ஏற ஜன்னல் மூலையிலிருந்து சுவர் சாய்வாக வெடிக்கிறது. பூமி அதிர்ந்திருக்கும் என்கிறார்கள். கோடைத் தண்ணீருக்காக அடுப்படிக்கு மேல் 1,000 லிட்டர் தொட்டி வைக்க நினைத்தோம். வைக்கலாமா?" - ஒரு வாசகி

பதில்: தொட்டியை மேலே ஏற்றாதீர்கள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் சுவரை வெடிக்க வைத்தது பெரும்பாலும் வறட்சிதான். கரிசல் மண் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பருத்திக் காடு கோடையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கிறதே, அதே வேலை அஸ்திவாரத்துக்கு அடியிலும் நடக்கிறது. வெடிப்பின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டு, அகலத்தையும் தேதியையும் சுவரிலேயே எழுதி வையுங்கள். கார்த்திகை மழைக்குப் பிறகு அளந்து பாருங்கள். சுருங்கியிருந்தால் அது மண்ணின் வேலை. சுருங்காமல் அகன்றுகொண்டே போனால் பொறியாளரிடம் காட்டுங்கள். சிமென்ட் பூசி மறைப்பது வைத்தியம் ஆகாது. என் வீட்டில் மூன்று தடவை பூசிய பிறகுதான் எனக்கே புத்தி வந்தது.

நம் மாவட்டம் நிலநடுக்க அபாயம் குறைந்த இரண்டாம் மண்டலத்தில் இருக்கிறது. ஆனாலும் அலட்சியம் வேண்டாம். குஜராத்தின் கட்ச் பகுதியும் நம்மைப் போல மழை குறைந்த, உப்பளமும் துறைமுகமும் உள்ள பூமிதான். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் அங்கே சேறு வைத்துக் கட்டிய கல் சுவர்கள் சரிந்து நிறையப் பேரை அமுக்கின. அதே ஆண்டு செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக் கடலில் ஏற்பட்ட அதிர்வு சென்னை வரை உணரப்பட்டது.

நிரம்பிய 1,000 லிட்டர் தொட்டி ஒரு டன் எடை. வெடித்த சுவர் மேல் அதை வைத்தால், சின்ன அதிர்வுகூடப் போதும். வீட்டை விட்டுத் தள்ளி, தரையில் கெட்டியான மேடை கட்டி வையுங்கள். பரணில் கிடக்கும் அண்டா, உரலையும் இறக்கிவிடுங்கள். கட்டிலுக்கு மேலே கனமான எதுவும் இருக்கக் கூடாது.

தொட்டியை மழையே நிரப்பும். 500 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால், சேதாரம் போக 350 லிட்டராவது பிடிக்கலாம். மூன்று செ.மீ. பெய்தால் தொட்டி நிறைந்துவிடும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள்.

தோட்டத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஒரு பக்கச் சுவரோரம் தேங்கினால், அந்தப் பக்கம் மண் உப்பி, மறுபக்கம் காய்ந்து கிடக்கும். சுவர் நடுவில் பிளக்கும். குழாய் வைத்து, பத்தடி தள்ளி வாழைக்குக் கொண்டுபோங்கள். வேம்பு, புங்கன் போன்ற மரங்களை வீட்டிலிருந்து 25 அடியாவது தள்ளி நடுங்கள். அவற்றின் வேர் அஸ்திவார ஈரத்தையும் உறிஞ்சிவிடும். கத்தரி, மிளகாய்க்குப் பக்கத்தில் சுடுமண் பானையைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். சுற்றிலும் பருத்தி மார், பனை ஓலை போட்டு மூடாக்கு செய்தால் மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும்.

உடன்குடி, திருச்செந்தூர்க் கடலோர வாசகர்களுக்கு மணல் மண். இந்த வெடிப்புத் தொல்லை இல்லை. ஆனால், கோடையில் கிணற்றை ஒரேயடியாக இறைத்தால் உப்பு ஏறும். கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். அதிர்வை உணர்ந்தாலோ கடல் உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டுக்குப் போய்விடுங்கள். 2004 டிசம்பர் 26 யாருக்கும் மறந்திருக்காது.