முற்றுகை சூட்டிய மகுடம்

2025 செப்டம்பர் 9 அன்று நேபாளப் பிரதமர் கே. பி. சர்மா ஒலி பதவி விலகினார். மறுநாள் தேநீர் வேளையில், எங்கள் துறையறையில் மூத்த நண்பர் ஒருவர் நாளிதழை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, “நம்மைப் பகைத்துக்கொண்டவன் கதியைப் பார்த்தீர்களா?” என்றார். அறையிலிருந்த நால்வரில் மூவர் தலையசைத்தனர். அவர்கள் விவரம் அறியாதவர்கள் அல்லர்; சிற்றிதழ்களுக்குச் சந்தா கட்டுபவர்கள், இலங்கையைப் பற்றியும் பாலஸ்தீனத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசக்கூடியவர்கள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வகுப்பு மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் வாதம் சுருக்கமானது. சர்மா ஒலியை நேபாளத்தின் தேசிய நாயகனாக ஆக்கியவர்கள் நாம்தாம். 2015-இல் நம் எல்லையில் வரிசைகட்டி நின்ற லாரிகளே அவருக்கு மகுடம் சூட்டின. வலிய நாடொன்று வணிகத்தைச் சாட்டையாக எடுத்து வீசும்போது, அடி விழுவது சிறிய நாட்டின் ஆளுங்கட்சி மீதன்று. அடி வாங்குபவர்கள் வேறு சிலர். ஆளுங்கட்சிக்கோ அது வேண்டாத தெய்வம் கொடுத்த வரம்.

நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். 2015 ஏப்ரல் 25-இல் நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் மாண்டனர். இலட்சக்கணக்கானோர் தகரக் கூரைக்கும் தார்ப்பாய்க்கும் கீழே ஒடுங்கிக் கிடந்தபோது, ஆண்டுக்கணக்காக இழுபட்ட அரசியலமைப்புச் சட்டத்தை அந்நாட்டுப் பெருங்கட்சிகள் அவசர அவசரமாக முடித்தன. 601 பேர் கொண்ட அரசியல் நிர்ணய அவையில் 507 பேர் ஆதரித்து வாக்களித்தனர். மதேசிக் கட்சிகள் புறக்கணித்தன. செப்டம்பர் 18-இல் நம் வெளியுறவுச் செயலர் ஜெய்சங்கர் காத்மாண்டு சென்று, சட்டத்தை அறிவிக்கும் முன் தராய்ச் சமவெளி மக்களையும் அரவணைத்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தினார். செப்டம்பர் 20-இல் சட்டம் அறிவிக்கப்பட்டது. தில்லி அதை வரவேற்கவில்லை. ‘கவனத்தில் கொண்டோம்’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. அடுத்த சில நாட்களில் பெட்ரோலும் சமையல் எரிவாயுவும் மருந்தும் எல்லையில் நின்றுபோயின. நிலைமை சீராக மறு ஆண்டு பிப்ரவரி ஆயிற்று.

இது முற்றுகையே அன்று, மதேசிப் போராட்டக்காரர்கள் பீர்கஞ்ச் பாலத்தில் அமர்ந்ததால் லாரி ஓட்டுநர்கள் அஞ்சினர் என்பது நம் அரசின் விளக்கம். போராட்டம் நடந்தது உண்மை. ஆனால் போராட்டம் இல்லாத எல்லை வாயில்களிலும் வண்டிகள் தேங்கி நின்றதை அக்காலச் செய்திகள் பதிவு செய்துள்ளன. ஒரு நாடு முழுவதும் ஒரே ஒரு அண்டை நாட்டு நிறுவனத்திடமிருந்து எரிபொருள் வாங்கும்போது, அங்கே குழாயைத் திருகுவதற்கு அறிக்கை எதுவும் தேவையில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் நோய்க்கும் சாவுக்கும் ஆளாகும் அபாயம் உண்டு என யுனிசெஃப் எச்சரித்தது. நிலநடுக்கத்தில் வீடிழந்தவனுக்கு விறகும் இல்லை, வாயுவும் இல்லை. அவன் செய்த குற்றம் என்ன?

இனி, மகுடம் சூடியவரைப் பார்ப்போம். சர்மா ஒலி பிறவியிலேயே இந்திய எதிர்ப்பாளர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை வேறு. 1996-இல் இந்தியாவுடன் மகாகாளி ஆற்று ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அவருடைய நேபாளக் கம்யூனிஸ்ட் (ஒருங்கிணைந்த மார்க்சிய-லெனினிய) கட்சி அதை ஏற்பதா மறுப்பதா என்று இரண்டுபட்டது. ஏற்க வேண்டும் என்று நின்றவர்களில் முன்வரிசைக்காரர் ஒலி. அந்தப் பிணக்கின் தொடர்ச்சியாக 1998-இல் கட்சியே பிளந்தது. இந்தியாவுக்கு வேண்டியவர் என்று சொந்தத் தோழர்களாலேயே ஏசப்பட்டவர், 2015 அக்டோபரில் பிரதமரானார். எல்லையில் லாரிகள் நின்றுகொண்டிருந்தன. அதன்பின் அவர் எதைச் சாதித்துக் காட்ட வேண்டும்? பணியமாட்டேன் என்று சொன்னாலே போதுமானதாயிற்று. கூடார வாழ்க்கைக்கு முடிவு எப்போது என்று கேட்டவனுக்கும், கள்ளச்சந்தையில் பெட்ரோல் பல மடங்கு விலைக்கு எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டவனுக்கும் ஒரே பதில்தான்: இந்தியாவைப் பார். அரைவாசி மட்டும் நிரப்பிய எரிவாயு உருளைகளை அரசு விநியோகித்தபோது, அந்த வெற்றிடத்தையும் தேசபக்தியே நிரப்பிற்று.

2017 தேர்தலில் பலன் அறுவடையாயிற்று. 275 இடங்கள் கொண்ட அவையில் ஒலியின் கட்சி 121, கூட்டாளியான மாவோயிஸ்டு மையம் 53. இந்தியாவுக்கு நெருக்கமானதாகக் கருதப்பட்ட நேபாளி காங்கிரஸ் 63-இல் நின்றது. இடதுசாரிகள் ஒன்றுபட்டதும் வெற்றிக்கு முக்கியக் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அணியின் முகமாக ஒலியை நிறுத்தியது முற்றுகை தந்த புகழே. தில்லி எந்தக் கட்சியை வலுவிழக்கச் செய்ய விரும்பியதோ, அதற்கே வாக்குச் சேகரித்துக் கொடுத்தது.

*

இந்தக் கணக்கில் உண்மையாகத் தோற்றவர்கள் யார்? மதேசிகள். கம்பனைப் படித்த நமக்கு மிதிலை அயலூர் அன்று. சனகன் மகள் பிறந்த ஊராக வணங்கப்படும் ஜனக்பூர் நேபாளத்து மதேச மண்ணில்தான் இருக்கிறது. மைதிலி அந்நாட்டின் இரண்டாவது பெரிய தாய்மொழி. போஜ்புரி, அவதி பேசுவோரும் அச்சமவெளியில் வாழ்கின்றனர். 1960 டிசம்பரில் மன்னர் மகேந்திரர் பி. பி. கொய்ராலாவின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கலைத்துவிட்டு நடத்திய ‘பஞ்சாயத்து’ ஆட்சியில் ஒரே மொழி, ஒரே உடை என்பதே தேசியத்தின் இலக்கணம். மலைநாட்டு மேட்டுக்குடியின் நேபாளி மொழியும் தொப்பியும் தேசமாயின. சமவெளியின் வேட்டி கட்டியவன் அரை இந்தியனாகப் பார்க்கப்பட்டான். மொழியின் பெயரால் குடியுரிமையின் தரம் பிரிக்கப்படுவது என்னவென்று தமிழ் வாசகனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2015 சட்டத்தின் மீது மதேசிகளும் தாரு மக்களும் வைத்த குறைகள் நியாயமானவை. மாகாண எல்லைகள் சமவெளியைத் துண்டாடின. தொகுதிப் பங்கீட்டில் மக்கள்தொகையைவிட நிலப்பரப்பு மலைப்பகுதிக்குச் சாதகமாக எடை போட்டது. அயல்நாட்டவரை மணந்த நேபாளத் தாயின் பிள்ளைக்குக் குடியுரிமை எளிதில் இல்லை என்ற விதி, எல்லை தாண்டிப் பெண் கொண்டு பெண் கொடுக்கும் சமூகத்தைக் குறிவைத்தது போலிருந்தது. அந்தப் போராட்டங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் போலீசாரும் உண்டு, போலீசாரின் துப்பாக்கிக்கு இரையான பொதுமக்களும் உண்டு.

முற்றுகை தொடங்கிய நாளிலிருந்து இந்தக் குறைகள் ஒவ்வொன்றும் ‘இந்தியக் கை’ என்ற ஒற்றைச் சொல்லால் தள்ளப்பட்டன. தன் பிள்ளைக்குக் குடியுரிமை கேட்ட தாய் அயலாரின் கைப்பாவையானாள். மதேசிகள் மீது அரை நூற்றாண்டாகச் சுமத்தப்பட்ட பழிக்கு நாம் போய்ச் சாட்சி சொல்லிவிட்டு வந்தோம். 2016 ஜனவரியில் தொகுதிப் பங்கீடு தொடர்பாக முதல் திருத்தம் வந்தது உண்மை. மாகாண எல்லைகள் அப்படியே நின்றன. அதன்பின் லாரிகள் நகரத் தொடங்கின. மதேசிகள் நின்ற இடத்திலேயே விடப்பட்டனர்.

*

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். 1989-இல் பலித்ததே என்பர். அதையும் பார்ப்போம். நேபாளம் சீனாவிடம் ஆயுதம் வாங்கியதில் கசப்பு மூண்ட நிலையில், 1989 மார்ச் 23-இல் வணிக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியாயின. ராஜீவ் காந்தி அரசு இரண்டே இரண்டு வழிகளைத் தவிர மற்றவற்றை அடைத்தது. ஓராண்டு கழித்து, 1990 ஏப்ரலில், மக்கள் எழுச்சிக்குப் பணிந்து மன்னர் பீரேந்திரர் கட்சிகள் மீதான தடையை நீக்கினார். ஆகவே முற்றுகையே சனநாயகத்தைப் பெற்றெடுத்தது என்று நம் வெளியுறவு வல்லுநர்கள் நம்பத் தலைப்பட்டனர்.

கோழி கூவிப் பொழுது விடிந்த கதை இது. அந்த எழுச்சியின் பின்னே முப்பதாண்டுச் சிறைவாசமும் தலைமறைவு வாழ்வும் இருந்தன. கணேஷ் மான் சிங்கின் தலைமையில் நேபாளி காங்கிரஸும் இடதுசாரிகளும் ஒன்றுசேர்ந்ததே திருப்புமுனை. மேலும், அன்று காத்மாண்டில் ஆண்டவர் மன்னர். தேசபக்தியைப் பகிர்ந்துகொள்ளக் கட்சிகள் சட்டப்படி இல்லை. பஞ்சம் வந்தபோது பழி அரண்மனைமீது விழுந்தது. 2015-இல் ஆண்டவர்கள் வாக்குக் கேட்டு வருபவர்கள். வெளியார் தரும் அடியை வாக்காக மாற்றத் தெரிந்தவர்கள். மன்னராட்சிக்கு எதிராக ஒருமுறை பயன்பட்டது போலத் தோன்றிய கருவியை மக்களாட்சியின்மீது பாய்ச்சியது, அறம் ஒருபுறமிருக்க, அரசியல் அறிவுக்கே இழுக்கு.

இன்னொரு எதிர்வாதம், சீனப் பூச்சாண்டி. முற்றுகையின்போது சீனா 13 இலட்சம் லிட்டர் எரிபொருளை அன்பளிப்பாகத் தந்தது. 2016 மார்ச்சில் ஒலி பெய்ஜிங்கில் போக்குவரத்து ஒப்பந்தம் செய்தார். 2019-இல் தியான்ஜின் உள்ளிட்ட நான்கு துறைமுகங்கள் ஏட்டளவில் திறந்தன. ஆனால் இமயம் எந்த ஒப்பந்தத்துக்காகவும் குனிவதில்லை. கொல்கத்தாவிலிருந்து பீர்கஞ்ச் எல்லை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். தியான்ஜினோ 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால். அந்த வழியை நாட்டின் உயிர்நாடியாக்க இயலாது என்பது ஒலிக்கும் தெரியும். 2019 செப்டம்பர் 10 அன்று பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்ச் வரையிலான 69 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாயை நம் பிரதமரோடு சேர்ந்து காணொளி வழியே திறந்து வைத்தவர் அவரேதான். மேடையில் வடக்கு, அடுப்பில் தெற்கு. அந்த மேடையை அவருக்குக் கட்டிக் கொடுத்ததுதான் நம் பிழை.

நேபாளக் கட்சிகளை நான் குற்றமற்றவர்களாக்கவில்லை. இலவசமாகக் கிடைத்த தேசபக்தியை அவர்கள் என்ன செய்தார்கள்? 2020 மே மாதம் லிபுலேக் வரையிலான சாலையை நம் பாதுகாப்பு அமைச்சர் திறந்து வைத்தார். சில நாட்களில் லிபுலேக், காலாபானி, லிம்பியாதுரா மூன்றையும் சேர்த்துப் புதிய வரைபடம் வெளியிட்டது ஒலி அரசு. 1816 சுகௌலி உடன்படிக்கையிலிருந்து தொடங்கும் அந்த எல்லைப் பிணக்கில் நேபாளத்துக்குச் சொல்ல நியாயம் உண்டு. பேசித் தீர்க்க வேண்டியது அது. ஆனால் அதே மாதங்களில் கட்சிக்குள் ஒலியின் நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. ஜூலையில், உண்மையான அயோத்தி பீர்கஞ்சுக்கு மேற்கே நேபாளத்தில் இருக்கிறது என்றார். டிசம்பரில் நாடாளுமன்றத்தையே கலைத்தார். உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

இத்தனைக்கும் நடுவே அந்நாட்டின் இளைஞர்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் விமானம் ஏறிக்கொண்டே இருந்தனர். அவர்கள் அனுப்பும் பணம் நாட்டு வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இந்தியாவுக்கு நேபாளம் ஏற்றுமதி செய்யும் முதன்மைப் பொருள்களில் பாமாயிலும் சோயா எண்ணெயும் உண்டு. நேபாளத்தில் பனையெண்ணெய் மரம் ஏது? வெளியிலிருந்து கொண்டுவந்து, சுத்திகரித்து, சுங்க வேறுபாட்டில் இலாபம் பார்க்கும் வணிகம் அது. தன் மண்ணில் வேலை உண்டாக்குவது எப்படி என்ற கேள்வியைக் கேட்கவிடாமல் செய்ததே எல்லைத் தேசபக்தியின் பெரும்பணி.

2025 செப்டம்பரில் தெருவுக்கு வந்த பிள்ளைகள் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். சமூக ஊடகத் தடை திரியைப் பற்றவைத்தது. அடியில் கிடந்த வெடிமருந்து ஊழலும் வேலையின்மையும். முதல் நாளிலேயே 19 பேர் கொல்லப்பட்டனர். மொத்தச் சாவு எழுபதைத் தாண்டிற்று. ஒலியின் வீழ்ச்சியில் இந்தியாவைப் பகைத்ததற்கு இடமே இல்லை. பத்தாண்டுகளுக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கணக்கை அவர்கள் கேட்டார்கள். இடையில் பத்தாண்டு தாமதமானதில் நம் பங்கு எவ்வளவு என்பதே என் கேள்வி.

துறையறை நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஐயா, வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்ற சொல்லை நாம் எப்போதும் வாய்க்காலின் கடைமடையில் நின்றே சொல்லிப் பழகிவிட்டோம். பீர்கஞ்ச் பாலத்தின் தென்கரையில் நிற்கும்போது நாம்தான் வல்லான். அடுத்த முறை எல்லையில் லாரிகள் நிற்கும் செய்தி வரும். அப்போதும் தில்லி காரணம் சொல்லும், காத்மாண்டுக் கட்சி ஒன்று கொடி பிடிக்கும். அன்றைக்காவது, யார் வென்றார் என்று கேட்பதற்கு முன், ஜனக்பூர்க்காரனின் அடுப்பு எரிகிறதா என்று கேளுங்கள்.