இரவு 11 மணித் தபால்

பெங்களூரில் ஒயிட்பீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்ப்பவர்களின் வீடுகளுக்கு இரவுச் சாப்பாட்டு வேளையில் ஒரு விருந்தாளி தவறாமல் வருகிறார். அவரை யாரும் அழைப்பதில்லை. அவருக்கு இலையும் போட வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் சம்பாதிப்பவர் யாரோ அவரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக் கொண்டு போய்விடுவார். அலுவலக மின்னஞ்சல் என்பது அவர் பெயர்.

குற்றம் கருவியுடையதா? இல்லை என்றே சொல்ல வேண்டும். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் அனுப்பும் வழியை ரே டாம்லின்சன் 1971இல் கண்டார். 1997இல் மைக்ரோசாப்ட் கம்பெனி அவுட்லுக் என்ற சாதனத்தைக் கொண்டு வந்தது. தபால், நாட்காட்டி, முகவரிப் புத்தகம், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் ஆகிய நான்கும் அதில் ஒரே இடத்தில் அடங்கின. இன்று எத்தனையோ ஊழியர்களுக்கு அதுவே மேஜை, அதுவே பீரோ, அதுவே அலுவலகம்.

பழைய அலுவலகத்திலும் தபால் குவியத்தான் செய்தது. ஆனால் அதற்கு ஒரு முறை இருந்தது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஒவ்வொரு உதவியாளரிடமும் தன்பதிவேடு ஒன்று இருக்கும். வந்த தபால் எது, எந்தத் தேதியில் வந்தது, அதன் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் ஏறியாக வேண்டும். தீராத தபால் தீரும் வரை அந்தப் பதிவேட்டிலேயே நிற்கும். அது மேஜையில் இருந்தது; வீட்டுக்குக் கூட வரவில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருக்கும் பலருடைய தகப்பனார் அப்படிப்பட்ட பதிவேட்டை எழுதியே ஓய்வு பெற்றவர்.

அந்த ஒழுங்கை இந்தப் புதிய சாதனத்திலும் கொண்டு வர முடியும். நடவடிக்கை தேவைப்படும் கடிதத்துக்குக் கொடி அடையாளமும் கெடுதேதியும் இடலாம். தகவலுக்காக மட்டும் வரும் நகல்கள் தாமாகவே வேறு உறைக்குப் போய்ச் சேரும்படி விதி எழுதி வைக்கலாம். கடிதம் வரும்போதெல்லாம் மணியடிப்பதை நிறுத்திவிட்டு, காலை, பகல், மாலை என்று 3 வேளை மட்டும் தபால் பார்க்கலாம். விடுப்பில் போகிறவர், தமக்குப் பதில் யாரைக் கேட்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தால், கடிதம் எழுதுகிறவர்களுக்கு அந்தப் பதில் தானே போய்விடும். இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் எல்லாக் கடிதங்களையும் ஒரே குவியலில் போட்டு வைத்துக்கொண்டு நேரமில்லையே என்று புலம்புவதில் நியாயமில்லை.

அனுப்புகிறவருக்கும் பொறுப்பு உண்டு. 2016 நவம்பரில் பிரிட்டனின் பொது மருத்துவத் துறையில் ஒரு சோதனைக் கடிதம் தவறுதலாக 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் போய்விட்டது. "எனக்கு ஏன் அனுப்பினீர்கள்?" என்று பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியையும் எல்லோருக்குமே அனுப்பினார்கள்! தபால் அமைப்பே திணறிப் போயிற்று. சிறிய அளவில் இந்தக் கூத்து எல்லா அலுவலகங்களிலும் தினசரி நடக்கிறது. "நன்றி" என்ற ஒரு சொல்லுக்காக 40 பேருடைய வேலையைக் கெடுப்பதை மரியாதை என்று சொல்ல முடியாது. அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெறும் வசதியும் சொந்த நிறுவனத்துக்குள்தான் செல்லும். வாசலைத் தாண்டிய கடிதம் தாண்டியதுதான்.

கடிதத்தைவிடக் கடுமையானது நாட்காட்டி. கடிதத்தை நாளைக்கு ஒத்தி வைக்கலாம். கூட்டத்தை ஒத்தி வைக்க முடியாது. ஒருவருடைய நாட்காட்டியில் எந்த நேரம் காலியாக இருக்கிறது என்பது அலுவலகத்தில் பலருக்கும் தெரிகிறது. காலியான நேரத்தைச் சொந்தக்காரர் இல்லாத புறம்போக்கு நிலம் என்று நினைத்து, கண்டவரெல்லாம் கூட்டம் போட்டு ஆக்கிரமிக்கிறார்கள். கலிபோர்னியாவில் குளிர்காலக் காலை 9 மணி என்றால் இங்கே இரவு 10.30 மணி. அவர்கள் காப்பி குடித்துக்கொண்டு கூட்டத்துக்கு உட்கார, இங்கே பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுத் தாய் உட்காருகிறாள். இந்த ஏற்பாடு எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்வதற்குக் காரணம் பூமி சுற்றுவது மட்டும்தானா?

நாட்காட்டியில் 3 ஊர்களின் நேரத்தை அருகருகே வைத்துப் பார்க்கலாம். தம் வேலை நேரம் எது என்று ஒவ்வொருவரும் குறித்து வைக்கலாம். கூட்டம் வேண்டாம் என்று மறுக்கவோ வேறு நேரம் சொல்லவோ பொத்தானும் இருக்கிறது. பொத்தான் இருந்து என்ன பயன்? அதை அழுத்தும் துணிச்சல் கீழே உள்ளவருக்கு வர வேண்டுமானால், அழுத்தினால் கோபிக்காத மனம் மேலே உள்ளவருக்கு வேண்டும்.

பிற நாடுகள் இதை உணர்ந்திருக்கின்றன. ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் நிறுவனம் 2011இல், ஒரு பகுதி ஊழியர்களின் கைபேசிகளுக்கு, வேலை முடிந்த அரை மணிக்குப் பின் மின்னஞ்சல் போவதை நிறுத்த ஒப்புக்கொண்டது. டெய்ம்லர் நிறுவனம், விடுமுறையில் இருக்கும் ஊழியர் விரும்பினால் அவருக்கு வரும் கடிதங்கள் தாமாகவே அழிந்துவிடும்படி செய்தது. அவசரமானால் யாரிடம் போவது என்ற பதில் மட்டும் அனுப்பியவருக்குப் போகும். பிரான்சில் 2017 முதல், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பை அறுத்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இடம் பெற்றது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் அதே உரிமை வந்தது.

நம் நாட்டில்? கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1961லேயே நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. இரவு 11 மணிக்கு வந்து பதில் கேட்கும் கடிதம் இந்தக் கணக்கில் ஏறுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. தொடர்பை அறுத்துக்கொள்ளும் உரிமைக்காக சுப்ரியா சுலே 2018இல் மக்களவையில் தனி உறுப்பினர் மசோதா கொண்டு வந்தார். 1970க்குப் பிறகு தனி உறுப்பினர் மசோதா எதுவும் பார்லிமெண்டில் நிறைவேறிச் சட்டமானதில்லை என்பதை நினைத்தால், அதை மட்டும் நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

"உலக வியாபாரம் இது, இரவு பகல் பார்த்தால் வேலை கைநழுவிப் போகும்" என்று நிர்வாகத்தினர் சொல்வார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. நெருப்புப் பிடித்தால் நள்ளிரவிலும் எழுப்பத்தான் வேண்டும். ஆனால் நெருப்புச் செய்தியை யாரும் கடிதம் எழுதித் தெரிவிப்பதில்லை, போனில் கூப்பிடுகிறார்கள். கடிதமாக வருவது காலை வரை காத்திருக்கக் கூடியது என்று ஒப்புக்கொண்டாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

எனவே நிறுவனங்கள் மூன்று வழக்கங்களை ஏற்க வேண்டும். இரவில் எழுதத் தோன்றும் அதிகாரி எழுதட்டும். ஆனால் காலை 9 மணிக்குப் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பட்டும். அதற்கும் அவுட்லுக்கில் வசதி உண்டு. கடல் கடந்த கூட்டங்களின் இரவுச் சுமை ஒரு வாரம் இங்கே, மறு வாரம் அங்கே என்று மாறி மாறி விழட்டும். வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்பை மறுத்த ஊழியர் மீது வருடாந்திர மதிப்பீட்டில் குறை எழுதாமல் இருக்கட்டும். இவற்றுக்குக் காசு செலவில்லை. புதிய இயந்திரமும் வாங்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை இரவு சேலத்துக்கும் மதுரைக்கும் புறப்படும் பஸ்களில் மடிமேல் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தபடி ஊருக்குப் போகிறவர்களைப் பார்க்கலாம். ஊரில் காத்திருக்கும் பெற்றோருக்குக் கிடைப்பது இரண்டே நாள். அந்த இரண்டு நாளையாவது நாட்காட்டி விட்டு வைக்க வேண்டும்.