வல்லவனுக்குப் புல், கற்பவளுக்கு எது?

'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்ற பழமொழி நம் வீடுகளில் எப்போது சொல்லப்படுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பிள்ளை எதையாவது வாங்கித் தரும்படி கேட்டு, அந்த மாதம் கையில் பணம் இல்லாதபோது. பணம் இருக்கும் மாதத்தில் அதே வாப்பா கடையில் உள்ளதிலேயே விலை கூடியதைப் பார்த்து வாங்கி வந்து, "இனிச் சாட்டுச் சொல்ல ஏலாது மகள், கிண்ணத்தோடதான் வரணும்" என்பார். முதல் பேச்சின்படி பொருளில் ஒன்றுமே இல்லை. இரண்டாம் பேச்சின்படி எல்லாமே பொருளில்தான் இருக்கிறது. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. நான் கல்லூரியின் பட்மின்டன் அணியில் ஆடுபவள். ஆகவே இது எனக்கு வெறும் பட்டிமன்றத் தலைப்பு அல்ல.

ஆனால் பட்மின்டனில் இருந்து தொடங்கப் போவதில்லை. கோல்ப் விளையாட்டில் இருந்து தொடங்குகிறேன். நம் கல்லூரியில் அதை யாரும் ஆடுவதில்லை என்பது எனக்கும் தெரியும். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனபோது நகரின் நடுவே விரிந்து கிடக்கும் அந்தப் புல்வெளியைப் பார்த்ததுதான் நம்மில் பலருக்கும் அதனோடுள்ள தொடர்பு. எனக்குக் கூடுதலாக இன்னொரு தொடர்பு உண்டு. என் சாச்சா டுபாயில் ஒரு கோல்ப் கழகத்தில் வேலை செய்கிறார். ஆடி முடித்து வருகிறவர்களின் மட்டைகளைக் கழுவித் துடைத்து, பைகளில் அடுக்கி வைப்பது அவருடைய வேலை. உபகரணம் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு வேறில்லை என்பது அவருடைய கட்சி. பந்து அசையாமல் தரையில் கிடக்கிறது. எதிராளி அதைத் தட்டிப் பறிப்பதில்லை. அடி பிழைத்தால் பழி ஒன்றில் ஆளுக்கு, இல்லாவிட்டால் மட்டைக்கு. மனிதன் எதைத் தெரிவு செய்வான் என்று சொல்லவும் வேண்டுமா? 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நம்மவர்கள் சும்மாவா சொல்லி வைத்தார்கள்?

சாச்சா சொன்ன ஒரு விடயம் என் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. மட்டையின் முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாமாம். நன்றாக ஆடுகிறவரின் மட்டையில் ஒரு நாணயம் அளவுக்கு, ஒரே இடத்தில், நடுவில் மட்டும் தேய்ந்திருக்கும். மற்றவர்களின் மட்டையில் நுனியில் ஒரு வடு, அடியில் ஒரு வடு, விளிம்பில் ஒரு வடு என்று முகம் முழுக்க அம்மைத் தழும்பு போல இருக்கும். "ஆகப் புதிய, ஆக விலை கூடிய மட்டைகள் எந்தக் கூட்டத்திடம் இருக்கும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். தேய்மானம் பொய் சொல்லாது.

இங்கே கொஞ்சம் பௌதிகவியல். இரும்பு மட்டைகளில் பெரும்பாலான தேர்ந்த ஆட்டக்காரர்கள் நெடுங்காலம் விரும்பி வைத்திருந்தது 'பிளேட்' என்ற மெல்லிய வகை. அதில் பாரம் நடுப்பகுதியின் பின்னால் திரண்டிருக்கும். சரியாக நடுவில் பட்டால் கைக்கு அது இனிமையாகத் தெரியும்; பந்தை இடமோ வலமோ வளைத்து அனுப்பவும் வசதி. சற்று விலகிப் பட்டாலோ மட்டையின் தலை கையில் திருகிக்கொள்ளும், பந்து போக வேண்டிய தூரம் போகாது. இதற்கு மாற்றைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் கார்ஸ்டன் சோல்ஹைம். அவர் ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்தவர். நடுத்தர வயதில்தான் கோல்ப் ஆடப் பழகினார். பந்தைக் குழிக்குள் தள்ளும் ஆட்டம் தனக்குச் சரிவராமல் போகவே, 1959 இல் தன் வீட்டிலேயே ஒரு மட்டையைச் செய்தார். பாரத்தை நடுவிலிருந்து எடுத்து விளிம்புகளுக்குப் பகிர்ந்தார். அப்படிச் செய்தால் நடுவில் படாத அடியிலும் தலை அதிகம் திருகாது. பந்தில் பட்டபோது எழுந்த 'பிங்' என்ற சத்தமே அதன் பெயராகிவிட்டது. அதே எண்ணம் பின்னர் இரும்பு மட்டைகளுக்கும் வந்தது. பின்புறம் குழிந்த அந்த மட்டைகள்தான் இன்று கற்பவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுபவை.

தண்டிலும் இதே கதைதான். வேகமாக வீசுகிறவருக்கு விறைப்பான தண்டு வேண்டும். மெதுவாக வீசும் ஒருவர் அதே தண்டைப் பிடித்தால் அது வளைந்து நிமிர்ந்து உதவாது. பந்து தாழப் பறந்து விழும். சம்பியன் வைத்திருப்பதைப் போன்ற மட்டையை, சம்பியன் கொடுத்த விலைக்கு மேலும் கொடுத்து வாங்கி வருகிற புதியவர், தனக்கு எதிராக உழைக்கும் ஒரு பொருளை வாங்கி வருகிறார். அந்த மட்டையில் தரக்குறைவு ஏதும் இல்லை. அது வேறொருவரின் கைக்காகச் செய்யப்பட்டது, அவ்வளவுதான்.

விலையும் புதுமையும் பயனும் ஒன்றல்ல என்பதற்கு கோல்ப் பந்தின் வரலாறே நல்ல சாட்சி. பழைய காலத்தில் தோலுறைக்குள் இறகுகளைத் திணித்துக் கையாலே தைத்த பந்துகள் இருந்தன. திறமையான தொழிலாளிகூட ஒரு நாளில் மிகச் சிலவற்றையே செய்ய முடியும். ஆகவே விலை கூடுதல்; மழையில் நனைந்தால் பாழ். 1848 அளவில் மலாயாப் பகுதி மரங்களின் பாலில் இருந்து செய்த 'கட்டாபெர்ச்சா' பந்து வந்தது, மலிவானது, உறுதியானது. வந்த புதிதில் அதன் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தது. அடிபட்டு, கீறல் விழுந்து, அசிங்கமான பழைய பந்துகள் புதியவற்றைவிட நேராகவும் தூரமாகவும் பறப்பதை ஆட்டக்காரர்கள் கண்டுகொண்டார்கள். பிறகு பந்தைச் செய்யும்போதே வேண்டுமென்று கீறத் தொடங்கினார்கள். இன்று கோல்ப் பந்தில் நாம் காணும் சின்னச் சின்னக் குழிகள் அந்தக் கீறல்களின் பேரப்பிள்ளைகள். கடையில் பளபளப்பாக இருந்ததைவிட, அடிபட்டு வடுவானதுதான் நன்றாகப் பறந்திருக்கிறது.

இப்போது முதல் பேச்சுக்கு வருகிறேன். "உபகரணம் எதற்கு? செவே பல்லஸ்டெரோஸ் ஒரே ஒரு மட்டையோடு கடற்கரையில் பழகவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஸ்பெயினின் பெட்ரேஞா என்ற ஊரில் வளர்ந்த அந்தச் சிறுவன், மூன்றாம் இலக்க இரும்பு மட்டை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் பழகினான். ஒரே மட்டையால் உயரவும் தாழவும் அடிக்க வேண்டியிருந்ததால் அவனுடைய கை எல்லா வித்தையும் கற்றுக்கொண்டது. 1979 இல் பிரித்தானிய ஓப்பன், அடுத்த ஆண்டில் மாஸ்டர்ஸ் என்று அவர் வென்றதும் வரலாறு. ஆனால் இந்தக் கதையைச் சொல்லும்போது பாதியை விழுங்கிவிடுவார்கள். பல்லஸ்டெரோஸின் தாய்மாமன் ரமோன் சோட்டா, ஸ்பெயினின் முன்னணி கோல்ப் வீரர். அண்ணன்மாரும் கோல்ப் ஆடுபவர்கள். வீட்டுக்கு அருகிலேயே மைதானம். கையில் மட்டை ஒன்றுதான். ஆனால் பார்த்துப் பழகுவதற்கு ஆட்கள், அடித்துப் பார்க்க இடம், அதைவிட முக்கியமாகப் பகல் முழுக்க நேரம், எல்லாம் இருந்தன. 1913 இல் தன் இருபதாவது வயதில் அமெரிக்க ஓப்பனில் ஹரி வார்டன், டெட் ரே என்ற பெரும் புள்ளிகளைத் தோற்கடித்த பிரான்சிஸ் விமெட்டும் அப்படித்தான். மற்றவர்களின் பையைச் சுமந்து பழகியவர், ஏழை வீட்டுப் பிள்ளை. வீடோ அந்த மைதானத்துக்கு நேர் எதிரே.

பிராட்மன் சிறுவயதில் கிரிக்கெட் ஸ்டம்பினால் கோல்ப் பந்தை அடித்துப் பழகிய கதையும் அடிக்கடி காதில் விழும். தண்ணீர்த் தாங்கியின் கற்சுவரில் பட்டுத் திரும்பும் பந்தை அந்த ஒல்லித் தடியால் அடித்தால் கண் கூர்மையாகும் என்பது சரி. ஆனால் டெஸ்ட் போட்டிக்கு அவர் ஸ்டம்பைக் கொண்டு போகவில்லையே. அபேபே பிகிலா 1960 இல் ரோம் ஒலிம்பிக் மரதனை வெறுங்காலுடன் ஓடி வென்றதும் இப்படித்தான் ஏழ்மையின் புகழாகச் சொல்லப்படுகிறது. கிடைத்த புதுச் சப்பாத்து காலுக்குச் சரியாகப் பொருந்தாததால் அவர் பழகிய வெறுங்காலையே நம்பினார். 1964 இல் டோக்கியோவில் பொருந்திய சப்பாத்துடன் ஓடினார். முன்னையதைவிடக் குறைந்த நேரத்தில், மீண்டும் தங்கம். இந்த இரண்டாம் பகுதியை மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பழமொழியை மறுபடி வாசித்துப் பாருங்கள். 'வல்லவனுக்கு' என்றுதான் இருக்கிறது. புல்லைக் கொண்டு சமாளிப்பது ஏற்கெனவே வல்லவனானவன் செய்யும் வேலை. கற்கிறவளுக்குப் புல்லைக் கொடுத்தால் அவள் கற்பது புல்லைப் பற்றித்தான். அவளுக்குத் தேவை தன் கைக்கும் வயதுக்கும் ஏற்ற, பிழை விட்டாலும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் ஒரு சாதாரணப் பொருள். விலையில் அது நடுவில் எங்கோ கிடக்கும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பட்மின்டன் றக்கட்டிலும் கோல்ப் மட்டையின் அதே நியாயம் செல்லுபடியாகும். நரம்பை இறுக்க இறுக்கக் கட்டுப்பாடு கூடும் என்பார்கள். ஆனால் பந்து நன்றாகப் படக்கூடிய நடுப்பகுதி சுருங்கும், அடியின் வேகத்தை முழங்கையே கொடுக்க வேண்டிவரும். தண்டு விறைப்பாகவும் தலை பாரமாகவும் உள்ள றக்கட், பல ஆண்டுகள் பழகிய தோளுக்கு உரியது. ஏழாம் தரத்தில் ஆடத் தொடங்கும் தங்கை ஒருத்திக்கு அத்தகைய ஒன்றை உலக சம்பியனின் பெயரைச் சொல்லி விற்றுவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் மணிக்கட்டு நோவு. மூன்றாம் வாரம், "எனக்கு பட்மின்டன் சரிவராது" என்று அந்தப் பிள்ளையே முடிவு செய்துவிடுகிறாள். அந்த றக்கட் அலுமாரியின் மேல் உறையோடு கிடக்கிறது. வாங்கிக் கொடுத்த வாப்பா வருத்தப்படுகிறார். நியாயம்தான், அது அவருடைய ஒரு மாத மேலதிக வேலைப் பணம்.

மறுபுறம், அடி தேய்ந்த சப்பாத்துடன் மழைநாளில் வழுக்கும் தரையில் ஆடும் தோழியும் எம்மிடையே இருக்கிறாள். அவளிடம் போய்ப் பழமொழி சொல்ல எனக்கு வாய் வராது. சப்பாத்து அவளுடைய ஆட்டத்தின் ஒரு பகுதி. விழுந்தால் எலும்பு முறியும். அதைவிட, மற்றவர்களின் காலைப் பார்த்துவிட்டுத் தன் காலை வாங்கின் கீழே இழுத்துக்கொள்கிற அந்தக் கூச்சம் எந்தப் பயிற்சியாளராலும் தீர்த்து வைக்க முடியாதது. நல்ல பொருள் தரும் துணிவை நான் ஏளனம் செய்யவில்லை.

ஆகவே நான் கேட்பவை சின்ன விடயங்கள்தான். அணியை விட்டு விலகும் அக்காமாரின் றக்கட்டுகளும் சப்பாத்துகளும் அளவு எழுதி ஓர் அலுமாரியில் சேரட்டும். புதிதாக வருகிறவள் முதல் தவணை முழுக்க அவற்றில் எதையாவது எடுத்து ஆடட்டும். எது தன் கைக்குப் பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு பெற்றோர் கடைக்குப் போகலாம். 'போட்டிக்கு மட்டும்' என்று பூட்டி வைத்திருக்கும் நல்ல இறகுப்பந்துகளையும் பயிற்சிக்கு வெளியே எடுக்கலாம். பயிற்சியில் பழகாத பந்தோடு போட்டியில் ஆடுவது, காலுக்குப் பொருந்தாத சப்பாத்துடன் மரதன் ஓடுவதைப் போன்றது.

பெற்றோரிடம் கேட்பது அதைவிடக் கடினமானது. எங்கள் பயிற்சி செவ்வாயும் வியாழனும் பாடசாலை விட்டதும் தொடங்கி நான்கரை மணி வரை நடக்கிறது. அணியில் பெயர் கொடுத்தவர்கள் பதினான்கு பேர். மூன்றரைக்கு வான் வந்துவிடும், டியூஷன் இருக்கிறது, தம்பியைப் பார்க்க ஆள் இல்லை, பொம்பிளைப் பிள்ளை இருட்டும் வரை நிற்கத் தேவையில்லை என்று ஒவ்வொன்றாகக் கழிந்து, கடைசி வரை நிற்பவர்கள் ஐந்து பேர், சில நாள் நான்கு. மற்றவர்களின் நானாமாருக்கு மஃரிப் வரை மைதானம் இருக்கிறது. எங்களில் பலருக்கு நல்ல றக்கட் இருக்கிறது; அதன் முகத்தில் நாணயம் அளவுக்குத் தேய்மானம் விழ நேரம் இல்லை. நான்கரை மணிக்கு இருட்டுவதில்லை, வாப்பா. வான்காரரோடு ஒரு தரம் பேசிப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள்தான்.