லங்காவிக்குப் போனால் பாய்மரம் ஏறுங்கள்

அல்சூரில் எங்கள் தெருவிலிருந்தே வருஷத்துக்கு ரெண்டு குடும்பமாவது மலேசியா பேக்கேஜ் போகிறது. இரட்டைக் கோபுரம், பத்துமலை, லங்காவியில் கேபிள் கார், வரியில்லா சாக்லேட். போய் வரட்டும், நல்லதுதான். லங்காவி வரை போகிறவர்கள் அரை நாளாவது பாய்மரப் படகில் ஏற வேண்டும் என்பது என் கட்சி.

லங்காவி இருப்பது கெடா மாநிலத்தில். நாம் பிள்ளைகளிடம் மார்தட்டுகிறோமே, 1025-ல் ராஜேந்திர சோழன் படை அனுப்பிய கடாரம், அது இந்தக் கரைதான். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 18 வருஷம் மூடிக் கிடந்து 2009-ல் திறந்ததைப் பார்த்தவர்கள் நாம். இப்படிப் பெருமை கொஞ்சம் தேவைப்படுகிறது, சரி. ஆனால் படையெடுப்புக்குச் சுமார் இருபது வருஷம் முன்பு கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்ப, ராஜராஜன் ஆனைமங்கலத்தை அதற்கு எழுதி வைத்தான். இதை எந்த வீட்டில் சொல்கிறோம்?

அந்த உறவை உண்டாக்கியது காற்று. தென்மேற்குக் காற்றில் கிழக்கே போகலாம். திரும்ப வடகிழக்குக் காற்று வர வேண்டும். அதுவரை மாதக்கணக்கில் துறைமுகத்தில் காத்திருப்பு. வியாபாரி சும்மா இருப்பானா? கடை போட்டிருப்பான், பாஷை கற்றிருப்பான். சுமத்ராவின் பாருஸ் பக்கம் 1088-ம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது, ஐந்நூற்றுவர் வணிகக் குழு வெட்டியது. ரெண்டு வருஷத்தில் ஊர் திரும்பலாம் என்று வந்து, ஹவுசிங் லோன் போட்டு உட்கார்ந்துவிட்ட நமக்கு ராஜேந்திரனைவிட அந்த வியாபாரிதான் நெருங்கிய சொந்தம்.

இதைப் புத்தகத்தில் படித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். (என் வீட்டில் அப்படித்தான்.) படகில் ஏறினால் காற்றே சொல்லிக் கொடுக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே வடகிழக்குக் காற்று, மழை குறைவு. ஏப்ரல், மே லீவை விட கிறிஸ்துமஸ் லீவு மேல். படகை நாம் ஓட்ட வேண்டாம், ஆள் இருப்பார். மாலை நேரச் சவாரியும் உண்டு. சாக்லேட் பட்ஜெட்டில் கொஞ்சம் கை வைத்தால் ஆச்சு, பேங்க்காரன் சொல்கிறேன்!

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் ஃபெர்ரி பிடித்து கெடா கரைக்குப் போய் ஜெராய் மலையைப் பாருங்கள். சுமார் 1,200 மீட்டர் உயரம். அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்கு அதுதான் அடையாளம். பக்கத்திலேயே பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் இருக்கின்றன.

படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். சில படகுகள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எஞ்சினிலேயே போய் வந்துவிடும். காசு கொடுக்கும் முன்பே, பாயை விரிப்பீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.