பல்லைப் பார்க்காம பேர் வைக்காதீங்க

2024 அக்டோபர்ல கொடைக்கானல் போயிருந்தேன். செண்பகனூர் பக்கம் வீடு கட்ட மண்ணை வெட்டிப் போட்டிருந்த இடத்துல பச்சை வெல்வெட் விரிச்ச மாதிரி ஒரு பாசி. ஒவ்வொரு செடியும் 4, 5 மில்லிமீட்டர் இருந்தா அதிகம். (பாசின்னதும் குளத்துல மிதக்குறதை நினைக்காதீங்க. இது மாஸ். இலை, தண்டு எல்லாம் உண்டு. நம்ம ஊர்ல ரெண்டுக்கும் ஒரே பேரு.)

கை சும்மா இருக்குமா? செல்போன்ல நாலு படம். ஒரு ஆப் உடனே 'ஃபியூனேரியா ஹைக்ரோமெட்ரிகா'ன்னு சொல்லுச்சு. எனக்கும் நம்பிக்கைதான். தீ எரிஞ்ச இடம், கிளறின மண்ணுன்னா முதல் ஆளா வந்து நிக்கிற மாஸ் அது. செடி, கொடிகளைப் பதிவு பண்ற ஒரு தளத்துல ஏத்தினேன். ரெண்டு பேர் "ஆமா, அதேதான்"னாங்க. சுபம்.

2025 பொங்கல் லீவுல மறுபடி அதே இடம். இப்போ வித்துப்பை வந்திருந்தது. 10 மடங்கு லென்ஸை வச்சுப் பார்த்தேன். அவ்வ்வ்...

ஃபியூனேரியாவுக்குக் காம்பு 2, 3 சென்டிமீட்டர் நீளும். காத்துல ஈரம் ஏறி இறங்கினா முறுக்கிக்கும், ஹைக்ரோமெட்ரிகாங்கிற பேரே அதனாலதான். வித்துப்பை பேரிக்காய் மாதிரி, கோணலா, தலையைத் தொங்கப் போட்டிருக்கும். மூடி விழுந்தா வாயில ரெண்டு வரிசைப் பல், வரிசைக்கு 16. நம்மாளுக்கோ குட்டைக் காம்பு, நிமிர்ந்த கோப்பை, மூடி விழுந்த வாயில ஒரு பல் கூட இல்ல. சுத்தப் பொக்கை! இது ஃபிஸ்கோமிட்ரியம். ரெண்டும் ஒரே குடும்பம். இலையை மட்டும் பார்த்தா அண்ணன் யாரு, தம்பி யாருன்னே தெரியாது.

"தம்மாத்தூண்டு பாசிக்கு இவ்ளோ அலட்டலா"ன்னு கேப்பீங்க. விஷயம் இருக்கு. இந்த மாதிரி மாஸ் எல்லாம் நாடோடிக் கூட்டம். ஒண்ணு, ரெண்டு வருஷத்துல புல் மூடிடும், அப்புறம் ஆளையே காணோம். நான் திரும்பப் போகலைன்னா தப்பைத் திருத்த அங்க செடியே இருந்திருக்காது. பதிவு மட்டும் நிக்கும். நாம ஏத்துற தப்பைத்தான் நாளைக்கு ஆப் படிச்சுட்டு நமக்கே திருப்பிச் சொல்லும். மென்பொருள்காரன் சொல்றேன், நம்புங்க :-)

அதே செண்பகனூர்ல இருந்த பாதிரியார் ஜார்ஜ் ஃபோரோ, பழனி மலை மாஸ்களைத் தேடித் தேடிச் சேகரிச்சவர். அவரோட பட்டியல் 1961ல வெளிவந்தது. உலர்த்தி வச்ச மாஸைப் பல வருஷம் கழிச்சுத் தண்ணியில போட்டாலும் இலை விரியும், பேர் சரியான்னு யார் வேணா சோதிக்கலாம். என் செல்போன் படத்துல அந்த வசதி ஏது?

அதனால நான் சொல்றது இதான். வித்துப்பை இல்லாத இந்தக் குடும்பத்து மாஸுக்குக் குடும்பப் பேரோட நிறுத்துங்க. அது தோல்வி இல்ல, நேர்மை. ஒரு சிட்டிகை எடுத்துக் காகித உறையில போட்டு, தேதியும் இடமும் எழுதி வைங்க. முடிஞ்சா மறுபடி போய்ப் பாருங்க.

என் பதிவைத் திருத்திட்டேன். இப்போ 'ஃபிஸ்கோமிட்ரியம்'னு மட்டும் இருக்கு. எந்த இனம்னு சொல்ல வித்துகளை மைக்ராஸ்கோப்ல பார்க்கணும். பார்க்குற வரைக்கும் வாயைத் திறக்கிறதா இல்ல.

டிஸ்கி: எல்லா மாஸும் இப்படிப் படுத்தாது. சிமெண்ட் இடுக்குல வெள்ளி மாதிரி மின்னுற பிரையம் ஆர்ஜென்டியத்துக்கு இலை நுனியில பச்சையமே கிடையாது. அதை வித்துப்பை இல்லாமலே கண்டுபிடிச்சுடலாம். ஆரம்பிக்கிறவங்க அங்கேருந்து ஆரம்பிங்க.