பெட்டி மாறும் பெயர்கள்

மஹய்யாவயில் எமது இல்லத்திற்கு வரும் மாணவர் ஒருவர் சென்ற வாரம் ஓர் ஐயம் எழுப்பினார். “ஐயா, ஒரு நூலகம் தன் நூல்விபரங்களைத் தனக்கேற்ற முறையில் கணினியிற் பதிந்துள்ளது. மற்றொரு நூலகம் அவற்றை வேறு முறையிற் கேட்கிறது. அத்தனையையும் மீண்டும் தட்டச்சுச் செய்யத்தான் வேண்டுமோ?”

வேண்டியதில்லை. 1998இல் வெளிவந்த எக்ஸ்.எம்.எல். முறையில், ஒவ்வொரு விபரமும் பெயர் எழுதிய பெட்டியொன்றினுள் இருக்கும். பெட்டிக்குள் சிறு பெட்டிகளும் உண்டு. ஓர் அமைப்பிலுள்ளதை இன்னோர் அமைப்பிற்கு மாற்றுவதற்கென 1999இல் வகுக்கப்பட்டதே எக்ஸ்.எஸ்.எல்.டி. என்னும் மொழி. அதில் எழுதும் விதித்தாளை ஸ்டைல்ஷீட் என்பர். ‘தலைப்பு என்ற பெட்டியைக் கண்டால், உள்ளதை நூற்பெயர் என்ற பெட்டியில் இடுக’ என்பது போன்ற விதிகள் அதில் இருக்கும். ஒருமுறை எழுதினாற் போதும். பத்து நூலாயினும் பதினாயிரம் நூலாயினும் கணினி மாற்றித் தரும். மூலக்கோப்பு மாறாது, விடை புதுக்கோப்பாகவே வரும்.

ஆயினும் இரண்டு இடர்கள் உள. விதி எழுதாத பெட்டி எதிர்ப்படின், கணினி பெட்டியை விட்டு உள்ளிருக்கும் எழுத்தை மாத்திரம் கொட்டிவிடும். இது கண்ணிற் படும், திருத்தலாம். மற்றையது கண்ணிற் படாதது.

கலித்தொகையை 1887இல் பதிப்பித்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. மொட்ஸ் என்னும் விரிந்த அமைப்பில் அவரைப் பதிப்பாசிரியர் என்றே குறிக்கலாம். டப்ளின் கோர் என்னும் எளிய அமைப்பிலோ பதினைந்தே பெட்டிகள். ஆக்கியோர், பங்களித்தோர், வெளியிட்டோர் ஆகியோருக்கு இடமுண்டு, பதிப்பாசிரியருக்குத் தனியிடமில்லை. முன்னதைப் பின்னதாக்கும் ஸ்டைல்ஷீட்டை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமே யாவர்க்கும் வழங்கியுள்ளது. அவ்வாறு மாற்றும்போது, ஏடு தேடி நூல் காத்த பெரியார் ‘பங்களித்தோர்’ கூட்டத்தில் ஒருவராகி விடுவார். கணினி இதைப் பிழையென்று கூறாது. பதிப்பாசிரியர் என்ற விபரம் புதுக்கோப்பில் விடுபட்டுப்போனால், அதை மட்டும் கொண்டு மீட்கவும் இயலாது.

ஆதலால் மாணவர்க்கு நாம் கூறியது இதுவே: விதி எழுதுமுன், இரு அமைப்புகளின் பெட்டிப் பெயர்களையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதுக. இணையில்லாதவற்றின் கீழ்க் கோடிடுக. அவற்றை எங்கே வைப்பதென்று நூலறிந்த ஒருவரைக் கேட்டு முடிவு செய்க. மூலக்கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்.

ஈழத்து நூல்களை 2005 முதல் மின்வடிவிற் சேர்த்துவரும் ‘நூலகம்’ போன்ற பணிகளில் ஈடுபட விரும்பும் இளைஞருக்கும் இது பயன்படும் அன்றோ?