தரை தொட்ட பிறகு வரும் ஆபத்து

நெய்வேலிக்கு விமானம் வரும் என்று 2017இல் தில்லி சொல்லிற்று. திட்டத்துக்குப் பெயர் ‘உதான்’. பெயர் வைப்பதிலாவது தமிழுக்கு இடம் தரக்கூடாதா என்று கேட்டால், நாம் குறுகிய நோக்கினராம்! போகட்டும். 2018 போயிற்று, 2019 போயிற்று, 2020ம் போயிற்று. வடக்குத்துத் தோழர் சென்னைக்குப் பேருந்தில்தான் போனார்.

தாமதத்தைப் பற்றி நாம் பலமுறை பேசியாயிற்று. இன்று கேட்பது வேறு. நெய்வேலி போன்ற ஊருக்கு வருவது சிறிய விமானம். அது எப்படித் தரையிறங்கும்?

விமானம் விழுவது வானத்திலிருந்து என்றே பலரும் எண்ணுகிறோம். சக்கரம் தரையைத் தொட்டதும் அப்பாடா என்று மூச்சு விடுகிறோம். விமானிக்கோ வேலை அப்போதும் முடிவதில்லை! பக்கக் காற்று அடிக்கும்போது அது விமானத்தின் வாலைத் தள்ளும். வால் ஒதுங்கினால் மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பும். வேகம் இருக்கும்வரை வாலிலுள்ள சுக்கான் அதைத் தடுக்கும். வேகம் குறையக் குறையச் சுக்கானின் பிடி தளர்கிறது. சக்கரங்களின் மீதோ முழுப் பாரமும் இன்னும் இறங்கவில்லை. காற்றும் பிடிக்காமல், மண்ணும் பிடிக்காமல் நிற்கும் அந்தச் சில நொடிகளில்தான் விமானம் ஓடுபாதையை விட்டு விலகுகிறது. மழைநாளில் பண்ருட்டிச் சாலையில் லாரியின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போவதைக் கண்டவர்களுக்கு இது புரியும். எடை குறைந்த விமானத்தைக் காற்று எளிதில் தள்ளிவிடுகிறது.

கதையல்ல இது. 2015 மார்ச் 8, பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்கு ஒரு சுழல்விசிறி விமானம் மழையில் இறங்கிற்று. தரை தொட்ட பிறகு பாதையை விட்டு விலகி, சக்கரக் கால் மடங்கிக் கிடந்தது. உயிர்கள் தப்பின. 2023 செப்டம்பர் 14, விசாகப்பட்டினத்திலிருந்து வந்த சிறு ஜெட் விமானம் மும்பையில் கொட்டும் மழையில் ஓடுபாதையை விட்டுச் சறுக்கி உடைந்தது. அதிலிருந்த எட்டுப் பேரும் பிழைத்தார்கள். மும்பை போன்ற மாநகரில் தீயணைப்பு வண்டி உடனே ஓடி வரும். சிற்றூர்த் தளத்தில்?

இப்படி நடந்தால் என்ன சொல்வார்கள்? ‘விமானியின் தவறு!’ இந்தச் சொல்லை நாம் எங்கோ கேட்டிருக்கிறோமே! 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். அந்த வடு ஆறவில்லை. எந்தத் துறையிலும் விபத்து என்றதும் கைகள் முதலில் நீளுவது வேலை செய்தவன் பக்கம்தான். விமானி தவறுவதே இல்லை என்று நாம் வாதாடவில்லை, தவறுவார், மனிதர்தானே! ஆனால் காற்றின் வேகத்தை அவருக்குச் சொல்ல ஆளில்லை, ஓடுபாதையில் தேங்கிய நீர் வடியவில்லை, இறங்கச் சரிப்படாவிட்டால் மீண்டும் மேலெழுந்து சுற்றி வா என்று சொல்லாமல் நேரத்துக்கு வந்து சேர் என்று நிறுவனம் நெருக்குகிறது என்றால், பழியை யார் சுமப்பது?

கடலூர் மாவட்டத்துக் காற்றை நாம் அறிவோம். 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் நம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. புயல்நாளில் விமானம் வராது, உண்மை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாற்றி மாற்றி வீசும் சாதாரணக் காற்றே சிறு விமானத்தைச் சோதிக்கப் போதும்.

ஆகவே தோழர்களே, திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்தால் நாடாவை வெட்டும் முன் ஓடுபாதை ஓரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். காற்றளக்கும் கருவி எங்கே, அதைப் பார்த்துச் சொல்லும் ஆள் எங்கே, தீயணைப்பு வண்டி எங்கே, அந்த வேலைகளில் நிலம் தந்த குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.